பனிக்காலத்தில் நாயின் தேகப்பயிற்சியும் க்ஷேமமும்

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் டிசம்பர் பிறந்தது முதல் மார்ச் கழியும் வரை, நாய் வளர்ப்போர் ஒருவரையொருவர் சந்திக்கும்போதெல்லாம் எழுகின்ற வினா ஒன்று உண்டு: எத்தனை டிகிரிக் குளிர் வரையில் நாயை வெளியே அழைத்துச் செல்லலாம்? யாழ்ப்பாணத்திலிருந்தும் தமிழகத்திலிருந்தும் சென்று டொரன்டோவையும் அதன் சுற்றுப்புறங்களையும் தம் இருப்பிடமாக்கிக்கொண்ட தமிழ்க் குடும்பங்களுக்கு இவ்வினா மற்றவர்களுக்கு இருப்பதைக் காட்டிலும் சற்றுக் கடினமானது. ஊரில் நாய் என்பது வளவைக் காவல் காத்து, படலையடியில் படுத்து, ஒழுங்கையில் தன் இஷ்டம்போல் ஓடித் திரிந்து, தன் தேகப்பயிற்சியைத் தானே பார்த்துக்கொண்ட பிராணி. கனடாவிலோ, அது நான்கு சுவர்களுக்குள் நம்மோடு வசித்து, நாம் கதவைத் திறந்து வாரைக் கையில் பிடித்தாலன்றி வெளிக்காற்றைச் சுவாசிக்க வழியற்ற பிராணி. ஆகவே அது நடப்பதும் நடவாதிருப்பதும், நடந்தால் பத்திரமாகத் திரும்புவதும், முழுக்க முழுக்க வளர்ப்பவர் பொறுப்பாகிவிடுகிறது.

இவ்விஷயத்தில் ஜனங்களிடையே இரண்டு கட்சிகள் உண்டு. இயற்கையே நாய்க்கு ரோமக் கம்பளத்தைப் போர்த்தி அனுப்பியிருக்க, மனிதர் அதற்குச் சட்டை தைப்பது பரிகாசத்துக்குரியது என்பது ஒரு கட்சி. நாயும் குழந்தையைப் போன்றதே, குளிர் கண்டால் அதை வீட்டுக்குள் வைத்துக் கதகதப்பாகப் பேணவேண்டும் என்பது மற்றொரு கட்சி. முதற்கட்சி நாய்க்குக் கம்பளிச் சட்டை வாங்கும் செலவை மிச்சப்படுத்துகிறது; இரண்டாவது, விடியற்காலையில் போர்வையை விட்டு எழும் சிரமத்தை மிச்சப்படுத்துகிறது. இரண்டுமே நாயை முன்னிட்டுப் பிறந்தவையா, வளர்ப்பவரின் சௌகரியத்தை முன்னிட்டுப் பிறந்தவையா என்ற சந்தேகம் எனக்கு உண்டு. எனினும் இரண்டையும் கையிலிருக்கும் ஆதாரங்களோடு ஒப்புநோக்குவதே முறை.

முதற்கட்சிக்குச் சரித்திரமும் விஞ்ஞானமும் பலமான சாட்சி கூறுகின்றன. சைபீரியாவின் வடகோடிக்கப்பால் கடலில் கிடக்கும் ஷோகோவ் தீவில் கண்டெடுத்த, சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட நாய் ஒன்றின் மரபணுவை ஆராய்ந்து 2020ஆம் ஆண்டில் விஞ்ஞானிகள் வெளியிட்ட முடிவு, இன்றைய கிரீன்லாந்துச் சறுக்குவண்டி நாய்களின் முன்னோர் அவ்வளவு பழங்காலத்திலேயே பனியுலக வாழ்க்கைக்குப் பழகிவிட்டனர் என்பதைக் காட்டிற்று. அலாஸ்காவின் பாயின்ட் பாரோவில் ஸ்கோலாண்டர், இர்விங் முதலியோர் நடத்தி 1950இல் பிரசுரித்த பிரசித்தி பெற்ற ஆராய்ச்சியோ, துருவப் பிரதேசத்து மிருகங்கள் தேகத்தில் அதிக உஷ்ணத்தை உற்பத்தி செய்து குளிரை வெல்வதில்லை, உள்ள உஷ்ணத்தை வெளியே விடாமல் ரோமத்தால் அடைத்து வைத்தே வெல்கின்றன என்ற உண்மையை நிலைநாட்டியது. துருவப் பயணி ஆமுண்ட்சென் 1911 அக்டோபரில் தென்துருவத்தை நோக்கி 52 நாய்களோடு புறப்பட்டு, திரும்பி வந்தபோது அவற்றுள் 11 மட்டுமே எஞ்சியிருந்தன என்பதைக் கேட்போர், அவ்வளவும் குளிரால் மாண்டன என்று எண்ணிவிடுவர். உண்மையில் அவற்றுட் பெரும்பாலானவை, மனிதருக்கும் மற்ற நாய்களுக்கும் ஆகாரமாகும்பொருட்டு, முன்கூட்டியே வகுத்த திட்டப்படி கொல்லப்பட்டவை. கிரீன்லாந்து நாய்க்கு அண்டார்க்டிகாவின் குளிரைவிட அதன் யஜமானர்களின் கணக்கே அபாயமாக இருந்தது.

ஆனால் இச்சாட்சியமெல்லாம் எந்த நாயைப் பற்றியது என்று கேட்கவேண்டும். அடியில் பஞ்சுபோன்ற மெல்லிய ரோமமும், அதன்மேல் நீரை ஒட்டவிடாத முரட்டு ரோமமுமாக இரட்டை அடுக்குப் படைத்த ஹஸ்கி, மாலமூட் முதலிய ஜாதிகளைப் பற்றியது அது. 1925ஆம் ஆண்டு ஜனவரியில், அலாஸ்காவின் நோம் நகரத்தில் தொண்டை அடைப்பான் நோய் பரவியபோது, 20 வண்டியோட்டிகளும் சுமார் 150 நாய்களும் மாறி மாறி 674 மைல் தூரம் மருந்தைக் கொண்டு சேர்த்த கதை உலகறிந்தது. அதன் நாயகன் என்று பால்டோ என்ற நாய்க்குச் சிலை வைத்திருக்கின்றனர். அந்த ஓட்டத்தில் பங்குகொண்ட சார்லி எவான்ஸ் என்பவரின் கதையை அவ்வளவு பேர் அறியார். அவருடைய வண்டியின் முன்னணி நாய்கள் இரண்டும் குறுகிய ரோமமுடைய கலப்பு ஜாதி. அவற்றின் தொடையிடுக்கை மூடுவதற்கான முயல்தோலை எடுத்துவர அவர் மறந்துவிட்டார். பூஜ்யத்துக்குக் கீழே 50 டிகிரி சென்டிகிரேடையும் தாண்டிய குளிரில் அவ்விரண்டும் விறைத்து விழ, எவான்ஸ் தாமே முன்னின்று வண்டியை இழுக்க நேர்ந்தது என்று அந்த ஓட்டத்தின் வரலாறு கூறுகிறது. அதே வழி, அதே இரவு, அதே வேலை; ரோமம் போதாத நாய்கள்தாம் விழுந்தன.

ஆகையால் கிரேஹவுண்டு, விப்பெட், சிவாவா, பாக்ஸர் போன்ற மெல்லிய ரோம ஜாதிகளுக்கும், பிறந்து சில மாதங்களே ஆன குட்டிகளுக்கும், கிழ நாய்களுக்கும், மெலிந்தவற்றுக்கும், சிறுநீரகம், இருதயம், தைராய்டு இவற்றில் கோளாறு உடையவற்றுக்கும் சட்டை அவசியமே அன்றி அலங்காரமல்ல. நம் ராஜபாளையத்தையோ சிப்பிப்பாறையையோ யாரேனும் அக்குளிர்நாடுகளுக்குக் கொண்டுசெல்வார்களானால், அவையும் இந்த வரிசையில்தான் நிற்கும்; வெயிலில் முயலைத் துரத்துவதற்கென்று வாய்த்த அந்த ஒட்டிய வயிறும் மெல்லிய தோலும் உறைபனிக்கு ஏற்றவை அல்ல. சட்டை கழுத்திலிருந்து வாலடி வரையிலும் வயிற்றின் கீழும் மூடவேண்டும், உலர்ந்திருக்கவேண்டும். நனைந்த சட்டை சட்டையில்லாமையினும் கேடு. இரட்டை ரோம நாய்களுக்கு மழிப்பதைத் தவிர்த்து, அடிரோமம் சிக்குப்பிடித்துக் காற்றறைகளை இழந்துவிடாதபடி நாள்தோறும் வாரிவிட்டால் போதும்.

இனி, எத்தனை டிகிரி என்ற மூலவினாவுக்கு வருவோம். ஒற்றை எண்ணை எதிர்பார்ப்பவர் ஏமாற்றமடைவார். வானிலை அறிக்கையில் ‘காற்றுக் குளிர்’ என்று சொல்லப்படும் கணக்கு, அண்டார்க்டிகாவில் சைப்பிள், பாஸல் என்ற இருவர் தொடங்கி, 2001இல் கனடாவும் அமெரிக்காவும் சேர்ந்து திருத்தியமைத்தது. பூஜ்யத்துக்குக் கீழ் 10 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்றடித்தால் அது கீழ் 20 டிகிரியாகத் தோன்றும் என்று அது சொல்லும். ஆனால் அது நடந்துசெல்லும் மனிதனின் மூடாத முகத்தை உத்தேசித்துப் போட்ட கணக்கு என்பதை நாய் வளர்ப்போர் மறந்துவிடுகின்றனர். ரோமம் அடர்ந்த நாய்க்கு அது மிகைப்படுத்திச் சொல்லும். அன்றியும் ஈரத்தைப் பற்றி அக்கணக்கு ஒன்றும் சொல்வதில்லை. நீரோ அசைவற்ற காற்றைப் போல் சுமார் 25 மடங்கு விரைவாக உஷ்ணத்தைக் கடத்துவது. உலர்ந்த கீழ் 10 டிகிரி நாளினும், பூஜ்யத்தை ஒட்டி மழையும் பனியும் கலந்து நசநசக்கும் நாள் பல நாய்களுக்குக் கொடிது என்பதற்கு இதுவே காரணம். அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் பெயரால் வழங்கும் ஒரு மதிப்பீட்டுமுறை இவ்வுண்மையை ஒப்புக்கொண்டு, நாயின் உருவத்துக்கும் வெப்பநிலைக்கும் ஏற்ப 1 முதல் 5 வரை அபாய எண்ணைக் கொடுத்து, ஈரமான நாளாயின் 2 கூட்டவும், நல்ல ஒதுங்கிடமோ குளிர் தாங்கும் ஜாதியோ குளிரில் பழகிய நாயோ ஆனால் ஒவ்வொன்று கழிக்கவும் சொல்கிறது. ஒற்றை எண்ணைக் காட்டிலும் இது புத்திசாலித்தனமானது. எனினும் அதைவிடவும் நம்பத்தக்க கருவி கண்முன் நிற்கும் நாயே.

நடந்துகொண்டிருந்த நாய் நின்று ஒரு காலை மாற்றி ஒரு காலைத் தூக்குமானால், வாலை அடியில் செருகி முதுகைக் கூனிக்கொள்ளுமானால், நடுங்குமானால், வந்த வழியே திரும்புவதற்குக் காலம் வந்துவிட்டது. நடுக்கம் நிற்பதை நலம் என்று கொள்வது பெரும்பிழை. சுமார் 38 முதல் 39 டிகிரி வரை இருக்கவேண்டிய நாயின் தேக உஷ்ணம் மேலும் மேலும் குறைந்து செல்லும்போது நடுங்கும் சக்தியே அதற்கு இல்லாமற் போகிறது. மந்தமும் தள்ளாட்டமும் தொடர்கின்றன. அந்நிலையில் உலர்ந்த கம்பளியில் சுற்றி, துணியால் மூடிய வெந்நீர்ப் புட்டிகளை அணைத்து வைத்து, மருத்துவரிடம் கொண்டுபோவதே செய்யத்தக்கது. காதின் நுனி, வால் நுனி, விதைப்பை, பாதம் இவ்விடங்கள் வெளிறி விறைத்திருந்தால் உறைபுண் தொடங்கியதென்று அறிக. அவ்விடங்களைத் தேய்ப்பதும், அடுப்பருகே காட்டுவதும் தசையை மேலும் அழிக்கும். வெதுவெதுப்பான நீரே போதும், சேதத்தின் முழு அளவு சில நாட்கள் சென்றே வெளித்தெரியும்.

பாதத்தைப் பற்றி மக்களுக்குள்ள அச்சம் பாதி நியாயமானது. வெறுங்காலோடு பனியில் நிற்கும் நாயின் அடித்தோல் ஏன் உறைவதில்லை என்பதை ஜப்பானில் ஹிரோயோஷி நினோமியாவும் அவர் குழுவினரும் 2011இல் விளக்கினர். பாதத்துக்கு உஷ்ண ரத்தத்தைக் கொண்டுவரும் தமனியைச் சுற்றிச் சிறு சிரைகள் வலைபோல் படர்ந்து, குளிர்ந்து திரும்பும் ரத்தத்தை வழியிலேயே சூடாக்கி விடுகின்றன; ஆதலால் பாதம் குளிர்ந்தாலும் உடல் குளிர்வதில்லை, உடலின் உஷ்ணமும் தரையில் வீணாவதில்லை. ஓநாயும் துருவநரியும் கீழ் 35 டிகிரிக் குளிர் திரவத்தில் பாதத்தை வைத்திருக்கும்போதும் அடித்தோலை உறைநிலைக்குச் சற்று மேலேயே காத்துக்கொள்கின்றன என்று 1972இலேயே கண்டிருந்தனர். ஆகவே உலர்ந்த பனிதான் பாதத்தின் சத்துரு என்பதற்கில்லை. சத்துரு நகரசபை இறைக்கும் உப்பு. சாதாரண உப்பு கீழ் 10 டிகிரியை நெருங்கும்போது செயலற்றுப் போவதால் அதற்குமேல் குளிரும் நாட்களில் கால்சியம் குளோரைடும் தூவுகின்றனர். அது ஈரத்தில் கரையும்போது தானே உஷ்ணத்தை வெளிவிடும் குணமுடையது. விரலிடுக்கில் சிக்கிய குருணை அங்கேயே கரைந்து புண்ணாக்க, நாய் அதை நக்க, வாயும் வயிறும் கெட, ஒன்றிலிருந்து மற்றொன்றாகத் தொல்லை வளர்கிறது. வீடு திரும்பியதும் வாசலில் ஒரு சட்டி வெதுவெதுப்பான நீரில் நான்கு பாதங்களையும் அலம்பி விரலிடுக்குகளைத் துடைத்துவிடுவதைவிட மலிவான பரிகாரம் வேறில்லை. விரலிடுக்கு ரோமத்தைக் கத்தரித்துவிட்டால் பனி உருண்டைகள் கட்டிக்கொள்வதும் குறையும். பூட்ஸ் அணிய இணங்கும் நாய்க்கு அது எல்லாவற்றிலும் சிறந்தது; வீட்டுக்குள் சில நாள் அணிவித்துப் பழக்கினால் பெரும்பாலானவை இணங்கிவிடும். பூட்ஸை நகரத்தாரின் செல்லம் என்று ஏளனம் செய்வோர் ஒன்றை அறியவேண்டும்: அலாஸ்காவில் 1973 முதல் நடந்துவரும் இடிடராட் என்ற நெடுந்தூரச் சறுக்குவண்டிப் பந்தயத்தில், ஒவ்வொரு நாய்க்கும் எட்டுக் காலுறைகள் இருக்கவேண்டுமென்பது பந்தய விதி.

குளிரினும் கொடியது ஒன்று மோட்டார் கொட்டகையில் இருக்கிறது. வண்டியின் எஞ்சின் நீர் உறைந்துவிடாமலிருக்க ஊற்றும் ஆன்டிஃப்ரீஸ் என்ற திரவம் பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கால் என்ற விஷம், அது இனிப்பது, நாய் நாவால் தொட்டு ருசி கண்டால் விடாது. நடுத்தர நாய்க்கு ஒரு சில மேசைக்கரண்டி உயிருக்கு உலை வைக்கப் போதும். அரைமணி முதல் சில மணி நேரத்துக்குள் குடித்தவனைப்போல் தள்ளாடும் நாய், பிறகு தெளிந்துவிட்டதுபோல் தோன்றும். வளர்ப்பவர் ஆறுதலடையும் அந்த இடைவேளையில்தான் கல்லீரல் அவ்விஷத்தை ஆக்ஸாலிக் அமிலமாக மாற்றி, அது கால்சியத்தோடு சேர்ந்து படிகமாகிச் சிறுநீரகத்தின் நுண்குழல்களை அடைக்கிறது. ஒன்றரை நாள் முதல் மூன்று நாளுக்குள் சிறுநீர் நின்றுவிடுகிறது. ஃபோமெபிசோல் என்ற மாற்றுமருந்து, விஷம் உள்ளே சென்று 8 முதல் 12 மணி நேரத்துக்குள் கிடைத்தால் பெரும்பாலும் காப்பாற்றும். அதன்பின் பயன் வேகமாகக் குறைகிறது. அமெரிக்க உற்பத்தியாளர்கள் 2012இன் இறுதியில் இத்திரவத்தில் கசப்புப் பொருளைச் சேர்க்க இசைந்தது நற்செயலேயாயினும், கசப்பு எல்லா நாயையும் தடுத்துவிடும் என்று நம்பியிருப்பதற்கில்லை. சிந்திய துளியை உடனே துடைத்து, புரொப்பிலீன் கிளைக்கால் என்ற சாதுவான மாற்றை வாங்குவதே விவேகம்.

உறைந்த ஏரியைப் பற்றி நீளப் பேசவேண்டியதில்லை. ஒரு மனிதன் நடக்கப் பத்து சென்டிமீட்டர் தடிப்புள்ள தெளிந்த புதிய பனிக்கட்டி வேண்டுமென்பது பொதுவிதி. ஓடும் நீரின் மேலும் கரையோரத்திலும் அதையும் நம்பக்கூடாது. நாய் உள்ளே விழுந்துவிட்டதென்று பின்னால் பாய்ந்த மனிதர் பலர் உயிரிழந்திருக்கின்றனர். நாய் சில சமயம் தானே ஏறி வந்துவிடுகிறது, மனிதன் வருவதில்லை. தண்ணீர் அருகில் இருக்குமிடத்தில் வாரை அவிழ்க்காமலிருப்பது ஒன்றே வழி. இருளும் ஓர் அபாயமே. டிசம்பரில் டொரன்டோவில் பகல் ஒன்பது மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவு. உத்தியோகத்துக்குச் செல்வோர் இருளிலேயே நாயை நடத்த நேர்வதால், ஒளியைத் திருப்பிக்காட்டும் பட்டை ஒன்று நாயின் கழுத்திலும் ஒன்று மனிதன் உடையிலும் இருக்கட்டும்.

இவ்வளவு அபாயங்களையும் கேட்டபின், நாயை வீட்டிலேயே வைத்துக்கொள்வதே மேல் என்று இரண்டாவது கட்சியார் மகிழக்கூடும். அவர்கள் கட்சி தோற்பது இங்கேதான். மேற்சொன்ன அபாயங்கள் ஒவ்வொன்றுக்கும் பரிகாரம் உண்டு. நான்கு மாத முடக்கத்துக்குப் பரிகாரம் காண்பது அரிது. நடவாத நாய் பருக்கிறது. பருத்த நாயின் மூட்டு நோகிறது. மூட்டு நோகும் நாய் நடக்க மறுக்கிறது. இச்சக்கரத்திலிருந்து வசந்தகாலத்தில் திடீரென்று அதை விடுவிக்க முயல்பவர், தசை தளர்ந்த நாய் தன் முழங்கால் தசைநாரை அறுத்துக்கொள்ள வழிசெய்கிறார். சக்தி செலவழியாத இளநாயோ கதவுநிலையைக் கடித்தும், சோபாவைக் கிழித்தும், ஓயாமற் குரைத்தும் தன் அவஸ்தையை அறிவிக்கிறது. அதை வளர்ப்பவர் துஷ்டத்தனம் என்று பெயரிட்டு அடிக்கிறார்.

முறை யாதெனில், ஒரு நீண்ட நடையை இரண்டு மூன்று குறுநடைகளாகப் பிரித்து, அவற்றுள் பெரியதை வெயில் உள்ள மத்தியானத்தில் வைத்துக்கொள்வது. ஆழ்ந்த பனியில் பத்து நிமிஷம் உழுதுகொண்டு செல்வது வெறுந்தரையில் அதனினும் நெடுநேரம் நடப்பதற்குச் சமமான உழைப்பு என்பதை நினைவிற்கொண்டு, தூரத்தைக் குறைத்துக்கொள்ளலாம். கதவைத் திறந்ததும் பந்தெறிந்து ஓடவிடாமல், முதல் சில நிமிஷம் மெதுவாக நடத்தித் தசைகளைச் சூடேற்றவேண்டும். வழுக்கும் கண்ணாடிப்பனி மேல் ஓட்டமே கூடாது. இரட்டை ரோம நாய்களுக்கு இக்காலமே உற்சவகாலம். அவற்றின் விஷயத்தில், கடும் ஓட்டத்தின்போது உறைநிலையை ஒட்டிய நாளிலும் அளவுக்கு மீறிச் சூடேறிவிடுவதுதான் கவலை, சறுக்குவண்டியோட்டிகள் இதமான பகலை விட்டுக் குளிர்ந்த இரவில் ஓட்ட விரும்புவதன் காரணமும் அதுவே. பனிச்சறுக்குக் கட்டைகளில் நிற்கும் மனிதனை நாய் இழுத்துச் செல்லும் நார்வே நாட்டு விளையாட்டு கனடாவிலும் பரவியிருக்கிறது. 1932இல் லேக் பிளாசிட் ஒலிம்பிக்கில் நாய்ச் சறுக்குவண்டி ஓட்டத்தைக் காட்சிப் போட்டியாக நடத்தியபோது வென்றவர் எமில் சென் கோதார் என்ற கனடியர். நோம் ஓட்டத்தின் வீரரான செப்பாலா இரண்டாவதாகத்தான் வந்தார்.

வெளியே செல்ல முடியாத புயல் நாட்களும் உண்டு. அன்று மூக்குக்கு வேலை கொடுக்கவேண்டும். நாய்க்கு மோப்பம் என்பது நமக்குப் படிப்பு எப்படியோ அப்படி. கால்மணி நேரம் ஊன்றி மோந்து தேடிய நாய், தானே சுருண்டு படுத்து உறங்கும். அன்றைய ஆகாரத்தைத் தட்டில் வைக்காமல் வீட்டின் மூலை முடுக்குகளில் ஒளித்துவைப்பது, பழந்துணிகளின் மடிப்பில் தூவி அதையே தேடச் செய்வது, ஒரு பொம்மையின் பெயரைச் சொல்லி எடுத்துவரப் பழக்குவது, மாடிப்படியின் மேலும் கீழும் இருவர் நின்று மாறி மாறி அழைப்பது இவற்றுக்குக் காசு செலவில்லை. கிழ நாய்க்கு மட்டும் படியேற்றம் வேண்டாம். மெழுகிட்ட மரத்தரையில் அதற்குக் கால் வழுக்கும். ஆங்காங்கு விரிப்புப் போட்டு, படுக்கையைக் குளிர்ந்த தரையினின்றும் உயர்த்தி வைப்பது அதன் மூட்டுக்கு மருந்துக்கு நிகர். குளிரில் கிழ நாய் நடக்கவே கூடாதென்று எண்ணுவது தவறு; அதற்கே அன்றாடச் சிறுநடை மிக அவசியம்.

ஆகாரத்தில் ஒரு மயக்கம் நிலவுகிறது. குளிர்காலமாதலால் நாய்க்கு அதிகம் வேண்டும் என்று கைநிறையப் போடுகின்றனர். நெடுந்தூரப் பந்தயத்தில் ஓடும் நாய் நாளொன்றுக்குச் சுமார் 10,000 கலோரி உண்பது உண்மை. வெளியே கூண்டில் வசிக்கும் நாய்க்கும் கூடுதல் வேண்டும். கணப்பு எரியும் அறையில் உறங்கும் நாய்க்கோ, நடை குறைந்த அளவுக்கு உணவும் குறையவேண்டும். பண்டிகை நாட்களில் மேஜைமேல் கிடக்கும் சாக்கலேட், திராட்சை வற்றல், ஸைலிட்டால் கலந்த மிட்டாய் மூன்றும் நாய்க்கு விஷம் என்பதை வீட்டுக்கு வரும் விருந்தினருக்கும் சொல்லிவைப்பது நல்லது.

சட்டமும் இவ்விஷயத்தில் கண்விழித்திருக்கிறது. வெளியே வசிக்கும் நாய்க்குக் காற்றும் மழையும் புகாத, குளிர் தடுக்கும் கூண்டு இருக்கவேண்டுமென்று ஒன்டாரியோவின் விதிகள் கூறுகின்றன. பென்சில்வேனியாவில் 2017ஆம் ஆண்டுச் சட்டம், வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே இருக்கும்போது நாயை வெளியே 30 நிமிஷத்துக்குமேல் கட்டிவைத்தல் குற்றமென்கிறது. இவையெல்லாம் செய்யத்தகாததைத் தடுப்பவை. ஸ்விட்சர்லாந்தின் 2008ஆம் ஆண்டுப் பிராணிப் பாதுகாப்பு விதியோ, நாயை நாள்தோறும் வெளியில், அதன் தேவைக்கேற்ப நடத்திச் செல்லவேண்டும் என்று செய்யவேண்டியதைச் சொல்கிறது. வருஷத்தில் பாதி நாள் பனி மூடிய மலைக்கிராமங்களை உடைய அத்தேசத்தார், அந்த வாக்கியத்தில் மார்கழிக்கென்று ஒரு விலக்கும் வைக்கவில்லை. இரண்டு வகைச் சட்டங்களுள்ளும் விஷயத்தின் வேரைத் தொட்டது ஸ்விட்சர்லாந்தின் விதியே என்பது என் கருத்து.